வீடும் பள்ளியும்: ஐப்பசி மழையும் ஐந்து வர்ணங்களும்

ஐப்பசி பிறந்தால் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாற்றம் நிகழும். வருஷத்தின் மற்ற மாதங்களில் அரங்கனின் திருமஞ்சனத்துக்குக் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் தீர்த்தம் வரும். இந்த ஒரு மாதம் மட்டும் அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து காவேரி நீர் பொற்குடத்தில், யானையின்மேல் ஏறி வரும். வீதி ஓரத்தில் நின்று அதைப் பார்க்கும் குழந்தைக்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. வெள்ளி பொன்னாயிற்று என்றால் பருவம் மாறிற்று என்று அது அறிந்துகொள்ளும்.

அதே குழந்தையின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "இந்தப் பருவத்தைச் சித்திரமாக எழுது, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். காகிதத்தில் என்ன வருகிறது? ஆரஞ்சு நிறத்தில் ஐந்து விரல் விரித்த இலைகள். இலை கொட்டி நிற்கும் ஒரு மொட்டை மரம். அதன் அடியில் ஒரு பெஞ்சு. அந்த இலை மேப்பிள் மரத்து இலை. அந்த மரத்தைக் குழந்தை கண்டதில்லை. அதன் தகப்பனாரும் கண்டதில்லை. உபாத்தியாயர்களாகிய நாமும் கண்டதில்லை. ஆயினும் புத்தகத்தில் "இலையுதிர் காலம்" என்று அச்சிட்டிருப்பதால், நம் பிள்ளைகள் பார்க்காத மரத்துக்குப் பார்க்காத நிறத்தைப் பூசுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை சோவென்று பெய்துகொண்டிருக்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை.

குளிர் தேசங்களில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது இலையில் உள்ள பச்சை வற்றி, உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. பிறகு இலை உதிர்கிறது. அந்த நாட்டுக் குழந்தை அதைக் கண்ணால் கண்டு எழுதுகிறது, அது நியாயம். நம் ஊரிலோ மரங்கள் இலை உதிர்ப்பது பெரும்பாலும் மாசி, பங்குனியில், மண்ணில் ஈரம் குறையும்போது. ஐப்பசியில் அவை தளிர்க்கின்றன. பழந்தமிழர் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் 'கூதிர்' என்று வைத்தார்கள். வாடைக் காற்றும் அடைமழையும் அதற்கு அடையாளம். காவேரி செந்நீராகப் புரள்வதும், திருவானைக்காவல் பக்கத்து வாழைத் தோட்டங்கள் கழுவிவிட்டாற்போல் நிற்பதும், நனைந்த மலைக்கோட்டைப் பாறை யானைக் கறுப்பாக மாறுவதும், தவளையும் தும்பியும் குடையும் சேறுமே நம் கூதிர். இதைவிட்டு மேப்பிள் இலையைத் தேடிப் போவானேன்?

"ஒரு படத்தில் என்ன ஐயா இருக்கிறது? பொழுதுபோக்குக்குக் கிறுக்குகிறார்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். விஷயம் அவ்வளவு சிறியதல்ல. தன் கண் கண்டது படத்துக்கு உதவாது, யாரோ அச்சிட்டதுதான் படம் என்று ஒரு குழந்தை ஏழாம் வயதில் முடிவு செய்துவிட்டால், பிற்காலத்தில் தன் ஊர், தன் பேச்சு, தன் பாட்டியின் கைவேலை எல்லாவற்றையும் பற்றி அதே முடிவுக்குத்தான் வரும். 'நாட்டுக் கலையைக் காப்பாற்றுவோம்' என்று மேடையில் பேசுகிறோம். அதைக் காப்பதும் கைவிடுவதும் இந்த ஏழு வயதுக் காகிதத்தில் ஆரம்பிக்கின்றன.

ஆகவே இவ்வாரம் நாம் சொல்லப்போவது, வீட்டிலேயே இரண்டு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய ஒரு சித்திரப் பயிற்சி. செலவு சொற்பம். ஆசிரியர் வேண்டியதில்லை; அல்லது, ஆசிரியர் ஏற்கெனவே உங்கள் வாசலிலேயே இருக்கிறார்.

நம்மிடையே உயிரோடிருக்கும் நாட்டுக் கலைகளில் மிகப் பெரியது கோலம். மலைக்கோட்டையின் மேற்குகையைக் குடைவித்த பல்லவன் மகேந்திரவர்மனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்று ஒரு விருதுப் பெயர் உண்டு. அவன் பெயர் கல்லில் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே திருச்சியில் அப்பிரகத் தகடுகளின்மேல் தெய்வங்களையும், பலவகைத் தொழிலாளரையும், மணி மணியாக எழுதி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். அந்தத் தகடுகள் இன்று லண்டன் காட்சிச்சாலை வரையில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆனால் நாள்தோறும் விடியலில் எழுதப்பட்டு, உச்சிப் பொழுதுக்குள் காலடியில் அழியும் கோலத்தை எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. அழிவதனால் அதை எளிதென்று நினைக்க வேண்டாம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் உழைத்தவர்களும் கோலங்களின் அமைப்பை ஆராய்ந்து, 1974-ஆம் வருஷத்தில், கம்ப்யூட்டருக்குப் படம் அமைக்கக் கற்பிக்கும் இலக்கண விதிகளைப் பற்றி எழுதினார்கள். நம் வீட்டுப் பெண்கள் அந்த இலக்கணத்தை விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதல் நாள் காகிதமே வேண்டாம். குழந்தையைத் திண்ணையிலோ, மாடி வராந்தாவிலோ, முடியுமானால் படித்துறையிலோ கால் மணி நேரம் நிறுத்துங்கள். ஒரே ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கேள்வி கேளுங்கள். "ஆற்று நீர் என்ன நிறம்?" என்றால் குழந்தை முதலில் "நீலம்" என்றுதான் சொல்லும். பொறுமையாக இருங்கள்; "இன்னொரு தரம் பார்த்துச் சொல்" என்று மட்டும் சொல்லுங்கள். "டீ நிறம்" என்று அது சொல்லும் கணத்தில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. மழையில் காக்கை எப்படி உட்கார்ந்திருக்கிறது, குடைக்குள் எத்தனை பேர், வாழை இலை காற்றில் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, இப்படி ஐந்தாறு கேள்விகள் போதும்.

அன்று மாலையே வர்ணங்களைத் தயார் செய்யலாம். ஐந்து போதும். காவி, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. கோயில் மதில்களில் காவிப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் மாறி மாறி வருவதைக் குழந்தைகள் பார்த்திருக்கிறார்கள். நம் சித்திரத்துக்கும் அவ்விரண்டே ஆதாரம். காவிக் கட்டியும் கருவேலம் பிசினும் நாட்டு மருந்துக் கடைகளில் அகப்படும். பிசினை இரவு முழுதும் நீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். எந்த வர்ணத்துக்கும் இதுதான் பிடிமானம். வர்ணம் காய்ந்த பிறகு விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் ஒட்டினால் பிசின் போதவில்லை. பாளம் பாளமாக வெடித்தால் பிசின் மிகுந்துவிட்டது.

வெள்ளைக்குப் பச்சரிசியை ஊறவைத்து மை போல் அரைத்து, சிறிது பிசின் சேர்க்க வேண்டும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நலம், மறுநாள் புளித்துவிடும். மஞ்சளுக்கு மஞ்சள் பொடி. சிவப்பு எப்படி வருகிறது என்பதைக் குழந்தையின் கண் முன்னால் செய்து காட்டுங்கள். மஞ்சள் கரைசலில் மிளகளவு வெற்றிலைச் சுண்ணாம்பைச் சேர்த்தால் குபீரென்று சிவக்கும். ஆரத்தி நீரின் ரகசியம் இதுதான் என்று சொன்னால், ரசாயன பாடம் அங்கேயே தொடங்கிவிடும். சுண்ணாம்பைப் பெரியவர்களே கையாள வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் வெயிலில் வெளுத்துப் போகும். ஆகையால் முடிந்த படத்தை வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும். கறுப்புக்குக் கொட்டாங்கச்சியைச் சுட்ட கரி உத்தமம். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டாலும் ஒரு துண்டு கிடைக்கக்கூடும். கடையில் விற்கும் பளபளப்பான வர்ணப் பொடிகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் என்ன சாயம் கலந்திருக்கிறதென்று நமக்குத் தெரியாது. குழந்தையின் விரலோ அடிக்கடி வாய்க்குப் போவது.

"நீலம் இல்லையே, வானத்துக்கு என்ன செய்வது?" என்று கேட்பார்கள். வெள்ளையில் துளிக் கரியைக் கலந்து காவியின் பக்கத்தில் தீட்டிப் பாருங்கள். அந்தச் சாம்பல் நிறம் மழை மேகம் போலவே லேசாக நீலம் பாய்ந்து தோன்றும். இல்லாததைக்கொண்டு இருப்பதாகக் காட்டுவது நாட்டுக் கலைஞர்களின் பழைய சாமர்த்தியம்.

தூரிகை வாங்க வேண்டாம். வேப்பங்குச்சியின் நுனியை, பல் துலக்குவதற்குச் செய்வதுபோல், நைத்துக்கொண்டால் பருமனான கோடு வரும். தென்னை ஈர்க்கு மெல்லிய கோட்டுக்கு. மாக்கோலத்துக்குத் துணியை நனைத்து விரலிடையில் வழியவிடுவது போல வெள்ளைக்கு விரலே தூரிகை.

மறுநாள், மளிகைக் கடை அட்டைப் பெட்டியில் ஒரு முழ அளவு வெட்டி, அதன்மேல் காவியைச் சமமாகப் பூசிக் காயவையுங்கள். அதுதான் மெழுகிய வாசல். அதன்மேல் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நடுவில் ஏழு, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு என்று இடைப்புள்ளியாக வைத்தால் ஓர் அறுகோணம் கிடைக்கும். மொத்தம் 37 புள்ளிகள். ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்று நேர்ப்புள்ளியாக வைத்தால் 25. எண்ணச் சொல்லாமலே குழந்தைகள் எண்ணிப் பார்ப்பார்கள். பிறகு, "இந்தப் புள்ளிகள் எல்லாம் மழைத் துளிகள். நேற்று நீ பார்த்ததை இவற்றுக்கிடையில் கொண்டு வா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். புள்ளிகளைச் சுற்றி வளைத்தால் மீன் வரும். இணைத்தால் குடை வரும். நடுவில் விட்டால் படித்துறையின் படிகள் வரும். நான்கு ஓரத்திலும் ஒரு சிக்குக் கோலக் கரை ஓடட்டும்.

நாட்டுச் சித்திரத்தின் சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் அழுத்தமான எல்லைக் கோடு. உள்ளே ஒரே சீரான நிறம். நிழல் போட வேண்டியதில்லை. முகம் பக்கவாட்டிலும் கண் நேராகவும் இருக்கலாம். தூரத்தில் இருப்பது சிறியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முக்கியமானது பெரியது, அவ்வளவுதான். மலைக்கோட்டையைவிடப் பாட்டி பெரியவளாக அமைந்தால் திருத்தாதீர்கள். குழந்தையின் கணக்கு அதுவே. இடம் காலியாக இருந்தால் பூவோ, புள்ளியோ, பறவையோ வந்து நிறைத்துக்கொள்ளும். ரப்பர் வேண்டாம், கோணிப்போன கோடு ஒரு கொடியாகட்டும். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை என்று நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் அந்த ஒரே படத்துக்கு ஒரு மாதமாவது விடுமுறை கொடுங்கள்.

இந்தப் பயிற்சியை நாம் வகுப்பில் நடத்தியபோது கண்ட ஒன்றை இங்கே சொல்வது உசிதம். "உங்கள் வீட்டில் நன்றாகக் கோலம் போடுகிறவர் யார்?" என்று கேட்டோம். பல கைகள் உயர்ந்தன. உறையூரிலிருந்து வரும் ஒரு பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் புள்ளி வைக்கத் தொடங்கியபோது, மற்றவர்கள் அளவுகோலைத் தேடிக்கொண்டிருக்கையில், அவன் 37 புள்ளிகளையும் வைத்து முடித்திருந்தான். யாரிடம் கற்றாய் என்று கேட்டபோது மெதுவாகச் சொன்னான். அவன் தாயார் விடியுமுன் நான்கைந்து வீடுகளில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, பிறகு பாத்திரம் தேய்க்கிறவர். விடுமுறை நாட்களில் இவனும் கூடப் போவானாம். கோலம் அவர்கள் வீட்டில் கூலி வேலையின் ஒரு பகுதி. பெருமைக்குரிய கலை என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை அந்த அம்மாளை வகுப்புக்கு வரும்படி கேட்டுக்கொண்டோம். வேலையை விட்டு வருகிறவர் ஆகையால் அந்த நேரத்துக்குரிய கூலியையும் கொடுத்தோம். அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த வீட்டுக் கோலம் வேண்டும்?" என்பது. ஒரு வீட்டில் சிக்குக் கோலம்தான் பிடிக்கும். இன்னொரு வீட்டில் தாமரை. மூன்றாம் வீட்டு வாசல் குறுகல், அங்கே படிக்கோலம்தான் அடங்கும். எல்லாம் மனப்பாடம், நோட்டுப் புத்தகம் கிடையாது. அவர் வைத்த புள்ளிகளின் இடைவெளியைப் பிள்ளைகள் அளவுகோலால் அளந்து பார்த்து வாயடைத்துப் போனார்கள். படம் முடிந்ததும் கீழே பெயர் எழுதச் சொன்னோம். "இது என்னுடையது இல்லீங்க, என் மாமியார் போட்டது" என்றார். இரண்டு பெயர்களையும் எழுதினோம். தலையைக் குனிந்துகொண்ட பையன் அன்று முழுதும் மற்றவர்களுக்குப் புள்ளி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அது முதல் நம் வகுப்பில் ஒரு விதி ஏற்பட்டது. ஒவ்வொரு சித்திரத்தின் பின்புறத்திலும் மூன்று வரி எழுத வேண்டும். எழுதிய குழந்தையின் பெயர், தேதியும் ஊரும், யாரிடமிருந்து கற்றது. 'பெயர் தெரியாத நாட்டுக் கலைஞர்கள்' என்று புத்தகங்களில் படிக்கிறோம். பெயர் தெரியாமற்போனது அவர்கள் குற்றமன்று. கேட்க யாரும் இல்லை. கேட்டவர் எழுதி வைக்கவில்லை. 1966-ஆம் வருஷத்துப் பஞ்ச காலத்தில் பீகாரின் மிதிலைப் பெண்களிடம் காகிதம் கொடுத்து, சுவரில் எழுதி வந்ததை அதில் எழுதச் சொன்னபோது நிகழ்ந்த அதிசயம் என்ன? சுவரில் இருந்தவரை 'கிராமத்து வழக்கம்' என்று சொல்லப்பட்டது, காகிதத்தில் பெயருடன் வந்ததும் இன்னாருடைய சித்திரமாயிற்று. சீதா தேவி, கங்கா தேவி முதலியவர்களை உலகம் அறிந்துகொண்டது.

நம் தேசத்துப் பெரிய சித்திரக்காரர்களும் இந்த வழியைத்தான் காட்டினார்கள். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸுக்காகக் காந்திஜி கேட்டுக்கொண்டபடி நந்தலால் போஸ் சித்திரங்கள் எழுதியபோது, உழவரையும், நெல் குத்தும் பெண்களையும், வாத்தியம் வாசிப்பவரையும், கைவேலைக்காரரையும், கிராமத்தார் தம்முடையதென்று கண்டுகொள்ளக்கூடிய கோட்டிலும் மண் நிறத்திலும் தீட்டினார். வங்காளத்து யாமினி ராய், மேல்நாட்டுத் தைல வர்ணத்தில் தேர்ந்த பிறகு அதை விட்டுவிட்டு, தம் ஊர்ப் படக்காரர்களின் பாணிக்கும் எளிய வர்ணங்களுக்கும் திரும்பினார். அவர்கள் நகல் எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று சில பள்ளிகளில் நாட்டுக் கலை என்ற பெயரில், அச்சிட்ட வார்லி பொம்மைகளுக்குக் குழந்தைகளை வர்ணம் நிரப்பச் சொல்கிறார்கள். அது மேப்பிள் இலையின் தம்பிதான். வார்லி மக்கள் தம் வயலையும் தம் கல்யாணத்தையும் எழுதினார்கள். நம் பிள்ளைகள் தம் மழையை எழுதட்டும்.

பெற்றோர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். "பையனுக்கு எதற்குக் கோலம்?" என்பது முதலாவது. கேரளத்தில் களமெழுத்தைப் பரம்பரையாக ஆண்களே எழுதி வந்திருக்கிறார்கள். கோடு இழுப்பதற்கு ஆண் கை, பெண் கை என்ற பேதம் இல்லை. "இதனால் மார்க்கு வருமா?" என்பது இரண்டாவது. வராது. ஆனால் 37-ஐ எண்ணிக் கண்டவனுக்குக் கணக்கும், மஞ்சள் சிவந்ததைப் பார்த்தவளுக்கு ரசாயனமும், ஆற்றின் நிறத்தை இரண்டாம் முறை பார்த்துச் சொன்ன குழந்தைக்கு உண்மையும் சிறிது எளிதாகும். மார்க்கு அவற்றின் பின்னால் வந்தால் வரட்டும்.

அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன. வாசல் என்பதே ஒரு சதுர அடியாகச் சுருங்கிவிட்டது. ஒட்டும் காகிதத்தில் அச்சிட்ட கோலம் வந்து அதையும் பிடித்துக்கொண்டது. இதற்காக யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. இடமும் நேரமும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் வாசல் போனாலும் காகிதம் இருக்கிறது. கோலம் அறிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். வேலைக்கு வரும் அம்மாளும் இருக்கிறார். இந்த மாதத்துக்குள் உங்கள் குழந்தை மூன்று பெரியவர்களிடம், ஒருவர் குடும்பத்தவர், ஒருவர் அண்டை வீட்டார், ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ உழைப்பவர், ஆளுக்கொரு கோலம் கேட்டு, அவர்கள் பெயருடன் ஒரு நோட்டில் எழுதி வாங்கட்டும்.

ஐப்பசி போனால் கார்த்திகை. மலைக்கோட்டை உச்சியில் தீபம் ஏற்றும் இரவு வரும். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் அன்று நல்ல வேலை இருக்கும். அதற்குள் கை பழகிவிட வேண்டும். ஆகவே வருகிற சனிக்கிழமை மழை பெய்தால், "வெளியே போக முடியவில்லையே" என்று குழந்தையிடம் தொலைபேசியைக் கொடுத்து உட்கார்த்திவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை இரவே பிசினை ஊறவைத்துவிடுங்கள்.